+2 பிசிக்ஸில் 94 எடுத்தவன் இன்ஜினியரிங் முதல் இன்டர்னலில் 38 எடுப்பது ஏன்?

கேள்வி: என் தம்பி +2 இயற்பியலில் 94 எடுத்தவன். இப்போது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு. பிசிக்ஸ் முதல் இன்டர்னலில் நூற்றுக்கு 38தான் வாங்கியிருக்கிறான். கல்லூரியில் என்ன எதிர்பார்க்கிறார்கள், மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

முதலில் ஒன்று, தம்பியைத் திட்டாதீர்கள். பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்த பிள்ளைகள், நமக்குப் படிப்பே வராது போல என்று நினைக்க ஆரம்பிப்பது இந்த முதல் இன்டர்னலில்தான். ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் காரணம் பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது.

+2 மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். நூற்றில் 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். மீதி 70இல் 15 மதிப்பெண் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வகை. ஆக, தியரித் தாளில் விளக்கி எழுதி வாங்க வேண்டியது 55 மட்டும்தான். கல்லூரித் தாளில் ஒரு மார்க் கேள்வியே கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட, தேர்வு விதிகளின்படி, பார்ட் ஏவில் பத்து இரண்டு மார்க், பார்ட் பியில் ஐந்து பதிமூன்று மார்க், பார்ட் சியில் ஒரு பதினைந்து மார்க். நூற்றுக்கு நூறும் எழுதித்தான் வாங்க வேண்டும். 94 எடுத்தவன் 38க்கு இறங்கினால் அறிவு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவன் எழுதிப் பழகாத அளவுக்கு இங்கே எழுதச் சொல்கிறார்கள்.

அடுத்தது சாய்ஸ். இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பார்ட் பியில் ‘அ அல்லது ஆ’ இருக்கிறது, ஆனால் இரண்டுமே ஒரே யூனிட்டிலிருந்து வரும். குவாண்டம் இயற்பியல் புரியவில்லை, அந்த யூனிட்டை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தால் 13 மார்க் போகும். பார்ட் ஏவில் அந்த யூனிட்டின் இரண்டு கேள்விகளும் சேர்ந்தால் 17. அந்த ரெகுலேஷனின் இன்ஜினியரிங் பிசிக்ஸில் மொத்தம் ஐந்து யூனிட், அதில் கடைசி இரண்டுமே குவாண்டம். இரண்டையும் விட்டவன் 34 மார்க்கை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் ஹாலுக்குள் போகிறான்.

பாஸ் கணக்குக்கு வருவோம். அதே 2021 ரெகுலேஷனில் மொத்த நூறில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 (நூறு மார்க் தாளில் எடுத்ததை 60க்குச் சுருக்குவார்கள்). இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். அதாவது நூறு மார்க் தாளில் 45க்குக் கீழே போனால், இன்டர்னல் 40க்கு 40 இருந்தாலும் அரியர்தான். இன்டர்னல் 10 மட்டும் வைத்திருப்பவன் தாளில் 67 எடுத்தாக வேண்டும். 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாளில் 45 போதும். இன்டர்னலில் எழுத்துத் தேர்வு மட்டுமில்லை, அசைன்மென்ட், செமினார் மாதிரியானவையும் சேரும். அதனால் ஒரு தேர்வில் 38 வந்ததால் எதுவும் கைமீறிவிடவில்லை. (தன்னாட்சிக் கல்லூரியிலும் வேறு ரெகுலேஷனிலும் விதி மாறும், கல்லூரிக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பாஸ் ஆனவர்களுக்கு கிரேடு போடும்போது, அந்தப் பாடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தால் ரிலேட்டிவ் கிரேடிங். மற்றவர்களின் மதிப்பெண்ணை வைத்துத்தான் எல்லைக்கோடு விழும். கணக்கில் 78க்கு வந்த கிரேடு பிசிக்ஸில் 78க்கு வர வேண்டும் என்று இல்லை. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் வீட்டில் சண்டை வரும் விஷயம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சரி, திருத்துகிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்? ஸ்டெப். பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்ற டெரிவேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். படம், ஷ்ரோடிங்கர் சமன்பாடு, எல்லை நிபந்தனை, ஆற்றல் மட்டங்கள், இயல்பாக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் பிரிந்து கிடக்கும். நடுவில் தெரியாத வரியைத் தாவி, மனப்பாடம் செய்த கடைசி வரியை மட்டும் எழுதினால் பாதிகூட வராது. தெரிந்த இடம் வரை ஒழுங்காக எழுதி நிறுத்தியவனுக்கு அதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

அதே பாடத்தில் வரும் ஒரு கணக்கு: 1 ஆங்ஸ்ட்ராம் (10⁻¹⁰ மீட்டர்) அகலமுள்ள பெட்டியில் எலக்ட்ரானின் மிகக் குறைந்த ஆற்றல் என்ன? விடை சுமார் 6.02 × 10⁻¹⁸ ஜூல், அதாவது 37.6 எலக்ட்ரான் வோல்ட். அகலத்தை வர்க்கப்படுத்த மறந்தால் 10⁻²⁸ ஜூல் அளவில் வரும். மாணவர்கள் அதை எழுதிக் கட்டமும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கவே 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று அவர்களுக்கு +2விலேயே தெரியும். அந்த ஒரு எண்ணோடு ஒப்பிட்டிருந்தால், கிட்டத்தட்ட அந்த அணுவின் அளவே உள்ள இடத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரானுக்கு இவ்வளவு சின்ன ஆற்றல் வராது என்று பிடித்திருக்கலாம். வந்த விடை நடக்கக்கூடியதா என்று பார்க்கும் பழக்கம், அதைத்தான் நான் முதலாண்டில் எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்பார்க்கிறேன். அதற்கென்று தனி மார்க் இல்லை என்பது உண்மை, அது இந்தத் தேர்வு முறையின் குறை என்றே நினைக்கிறேன்.

லேபிலும் இதே கதைதான். முறுக்கு ஊசலில் கம்பியின் விறைப்புக் குணகம் கண்டுபிடிக்கும் சோதனையில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வரும். திருகு அளவியில் 2 சதவீதம் பிசகினால் விடை 8 சதவீதம் பிசகும். புத்தக விடைக்குப் பொருந்துகிற மாதிரி ரீடிங்கைத் திருத்தி எழுதும் பையனைவிட, விடை தள்ளி வந்திருக்கிறது, ஆரத்தைத் திரும்ப அளக்கட்டுமா சார் என்று கேட்கிறவனை எனக்குப் பிடிக்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அந்தப் பழக்கம் அவனுக்குத்தான் கைகொடுக்கும்.

தம்பிக்கு நான் சொல்வது இதுதான். யூனிட் எதையும் விடாதே. டெரிவேஷனைப் படிக்காதே, புத்தகத்தை மூடி வைத்து எழுது. எந்த வரியில் நிற்கிறாயோ அந்த வரியைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கேள். அப்புறம், 38 வாங்கிய அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே. எங்கே எத்தனை மார்க் குறைந்தது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பார். இன்டர்னல் தாளைச் சும்மாவே கையில் தருகிறார்கள், செமஸ்டர் தாளைப் பார்க்க வேண்டும் என்றால் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும்.