மிருதங்கம் சோறு போடுமா? ரீயூனியன் தீவிலிருந்து ஒரு பதில்

கேள்வி: "வங்கியில் வேலை பார்க்கிறேன். மிருதங்கம் முறையாகக் கற்றவன். வேலையை விட்டுவிட்டு இசையை மட்டும் நம்பி வாழ முடியுமா? வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் கலைஞர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?"

வாழ முடியும். ஆனால் கச்சேரி மட்டும் வாசித்து வாழ முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இரண்டாவதைக் கேட்டுவிட்டு முதலாவதையும் நம்பாமல் போய்விடுகிறார்கள்.

நான் புதுச்சேரிக்காரன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்த வழியில் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. இப்போது ரீயூனியன் தீவில், சேன் ஆந்த்ரே என்ற ஊரில் இருக்கிறேன். இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் இது பிரான்சின் ஒரு மாவட்டம். சட்டம், சம்பளம், காகிதம் எல்லாம் பிரான்சுடையவை. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வாரிசுகள் எங்கள் ஊரில் நிறையப் பேர். மால்பார் என்று அவர்களை அழைப்பார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் மொழி. கோயிலிலும் பாட்டிலும்தான் தமிழ் மிச்சம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் வந்த எங்களைப் போன்றவர்கள் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்கிறோம்.

என் பிழைப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு மிருதங்கம் வாசிக்கிறேன். மலோயா என்ற இந்தத் தீவின் இசையை வாசிக்கும் ஒரு குழுவில் இருக்கிறேன். நாடகத்துக்குப் பின்னணி இசை அமைக்கிறேன், சில நாடகங்களில் மேடையிலேயே உட்கார்ந்து வாசிப்பேன். ஸ்டூடியோவில் யாருக்காவது தாளம் தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை, சொல்லிக்கொடுக்கிறேன். அப்புறம் கோயில். இதில் எந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தாலும் வீட்டு வாடகை கொடுத்திருக்க முடியாது.

இதெல்லாம் சேர்ந்து ஒரு தொழிலாக நிற்கக் காரணம் என் திறமை அல்ல, பிரான்சில் கலைஞர்களுக்கென்று இருக்கும் ஒரு ஏற்பாடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பணம் வாங்கிக்கொண்டு மேடையில் வாசிப்பவரை, அவரைக் கூப்பிட்டவரின் ஊழியர் என்றே பிரெஞ்சுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 1969-லிருந்து அப்படி. ஒரே ஒரு இரவு வாசித்தாலும் அந்த ஒரு இரவுக்கு நீங்கள் சம்பளக்காரர். கூப்பிட்டவர் சம்பளச் சீட்டு தர வேண்டும், சமூகக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் கட்ட வேண்டும். ஒத்திகையும் வேலைதான், அதற்கும் சம்பளம் உண்டு. ஓர் ஊர்ச் சங்கமோ உணவகமோ எப்போதாவது ஒருமுறை கலைஞரைக் கூப்பிட்டால் அவர்களுக்காகவே கூஸோ என்றொரு அலுவலகம் இருக்கிறது. ஒரே படிவத்தில் எல்லாக் கட்டணமும் முடிந்துவிடும்.

ஒரு நிகழ்ச்சிக்கான சம்பளத்துக்குக் கஷே என்று பெயர். ஒரு கஷே 12 மணி நேர வேலைக்குச் சமம் என்று கணக்கு வைப்பார்கள். மேடையில் வாசிப்பது ஒன்றரை மணிதான், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் சாதகமும் பயணமும் காத்திருப்பும் வேலைதான் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரில் வாசித்தவர்களுக்குத்தான் புரியும். 12 மாதத்தில் இப்படி 507 மணி சேர்ந்தால், அடுத்த ஒரு வருடத்தில் வேலை இல்லாத நாட்களுக்கு வேலையின்மை உதவித்தொகை கிடைக்கும். இந்த நிலையில் இருப்பவரை எந்தர்மித்தான் என்பார்கள். 42 கஷே என்றால் 504 மணி, மூன்று மணி குறைகிறது. அதனால் இங்கே இசைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் "நாற்பத்து மூன்று வந்துவிட்டதா?" என்பதுதான் நலம் விசாரிப்பு. வருட முடிவில் ஒரு கஷே குறைந்து ஒருவருக்கு உரிமை போகப் போகிறது என்று தெரிந்தால், தன் நிகழ்ச்சியில் அவருக்கு இடம் கொடுக்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கொரோனா காலத்தில் மேடைகளை மூடியபோது, எல்லா எந்தர்மித்தான்களின் உரிமையையும் 2021 ஆகஸ்ட் வரையும், பிறகு அந்த வருடக் கடைசி வரையும் நீட்டித்தார்கள். எங்கள் குழுவில் யாரும் வாத்தியத்தை விற்க வேண்டி வரவில்லை. அதே மாதங்களில் தமிழ்நாட்டில் நாதஸ்வர, தவில் கலைஞர்கள் கல்யாணமும் இல்லாமல் திருவிழாவும் இல்லாமல் தவித்ததைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். திறமையில் அவர்கள் எங்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை.

கற்றுக்கொடுப்பதில் ஒரு வரம்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஒப்பந்தத்தோடு நடத்திய வகுப்புகளிலும் 70 மணி வரைதான் 507-க்குள் சேரும். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 120 மணி. ஆகவே வருடம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு என்னை மேடைக் கலைஞன் என்று சொல்ல முடியாது. முதலில் இது கடுமையாகத் தெரிந்தது. இப்போது சரி என்றே படுகிறது, ஏனென்றால் இது என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இதனால்தான் "கையில் பணமாகத் தருகிறேன், காகிதம் வேண்டாமே" என்பவர்களிடம் நான் வாசிப்பதில்லை. ஒரு உணவகத்தில் ஒரு பருவம் முழுக்க வாசித்த ஒரு பாடகிக்கு, கடைசியில் ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் ஏறவில்லை. பணம் வந்தது, செலவாகிவிட்டது. அந்த வருட உதவித்தொகை, ஓய்வூதியத்தில் சேர வேண்டிய பங்கு எல்லாம் போய்விட்டன. ஸ்டூடியோ வேலையிலும் இதே கதைதான். பதிவு முடிந்ததும் வருகைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், அந்தப் பாட்டு ஒலிபரப்பாகும்போது வாசித்தவர்களுக்கு உரிய பங்கை வசூலித்துத் தரும் ஸ்பெதிதாம் சங்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். இசையமைத்தவருக்கு சாசெம் என்ற சங்கம் தனி. கையெழுத்துப் போடாமல் கிளம்பினால் அந்தத் தாளத்தை வாசித்தது யார் என்றே யாருக்கும் தெரியாது.

சரி, காகிதம் போதும். நீங்கள் கேட்காத ஒரு பயம் உங்களுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்: இப்படிப் பத்து இடத்தில் வாசித்தால் வித்தை நீர்த்துப்போகாதா? என் குருவின் மற்ற மாணவர்கள் என்னிடம் இதை நேராகவே கேட்டார்கள்.

மலோயாவில் ரூலேர் என்று ஒரு பெரிய பீப்பாய்த் தோல்வாத்தியம். அதைத் தரையில் படுக்கவைத்து மேலே உட்கார்ந்து வாசிப்பார்கள். கயாம்ப் என்பது கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதை நிரப்பிய தட்டையான வாத்தியம், இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க வேண்டும். நடை திஸ்ரம், மூன்று மூன்றாகப் போகிறது என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். ஆனால் சமம், தாளம் தொடங்கும் அந்த இடம், எங்கே விழுகிறது? கயாம்ப் ஒரு இடத்தில் சாய்கிறது, ரூலேர் இன்னொரு இடத்தில் அழுத்துகிறது, பாடுபவர் இரண்டுக்கும் நடுவில் நுழைகிறார். கையில் தாளம் போட்டு எண்ணினால் பிடிபடவே இல்லை. குழுவில் மூத்தவர் ஒருவர் என்னை வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லி, ஆடுபவர்களின் காலைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். காலில் இருந்தது சமம். அதற்குப் பிறகு பரதநாட்டியத்துக்கு வாசிக்கும்போதும் நான் நட்டுவனாரின் தட்டுக்கழியை மட்டும் கேட்பதில்லை, ஆடும் பெண்ணின் குதிகாலையும் பார்க்கிறேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் என் வாசிப்பு மாறியது. அதில் எழும் குமுக்கி என்ற கனத்த ஒலி இன்னும் நீளமாக, நிதானமாக வர ஆரம்பித்தது, ரூலேரின் கனத்தைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. என் குருவிடம் கற்றது எதுவும் இதனால் குறையவில்லை.

இந்தத் தீவின் பெரிய கலைஞர்கள் பலர் ஒரே வேலையோடு நின்றவர்கள் இல்லை. 2004-ல் காலமான கிரான்மூன் லேலே சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அவர் உடம்பில் மடகாஸ்கர் ரத்தமும் தமிழ் ரத்தமும் ஓடின. குடும்பத்தோடு மூதாதையர் வழிபாட்டுக்குப் பாடியவர், அவருடைய இசைத்தட்டுகள் வந்தது 1990-களில்தான். தான்யேல் வாரோ கவிஞர், பாடகர். கயாம்பையும் ரூலேரையும் தன் கையாலேயே செய்கிறவர். 2010-ல் உலக இசைக்கான வோமெக்ஸ் விருது வாங்கிய பிறகும் அந்தக் கைவேலையை அவர் விடவில்லை. ஜில்பேர் பூனியா 1979-ல் தொடங்கிய ஸிஸ்காகான் குழு மலோயாவோடு சிதாரையும் தபலாவையும் சேர்த்தது; பூனியா நம் மால்பார் வழியில் வந்தவர். ஜான் லுக் த்ருலெஸ் நாடகக் குழுவில் நடித்தவர், குழு நடத்தியவர், அப்புறம் 2005-ல் 'மரைனா' என்ற ஆபராவுக்கு, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்துக்கு, இசையமைத்தார். மலோயாவை யுனெஸ்கோ 2009-ல் தன் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்னால் பல காலம் அதிகாரத்தில் இருந்தவர்கள் அதை அடக்கியே வைத்திருந்தார்கள், வானொலியில் இடம் கிடையாது. அந்தக் காலத்தில் அதைக் காப்பாற்றியவர்கள் பகலில் வெயிலில் கரும்பு வெட்டியவர்கள்.

நம் தெருக்கூத்தின் வழியில் வந்த இரவு நாடகம் ஒன்றும் இங்கே உண்டு, பால் தமூல் என்பார்கள். வாத்தியார் பாட, வேஷக்காரர்கள் விடியவிடிய மகாபாரதம் ஆடுவார்கள். பாட்டைக் கிரியோல்காரர்கள் உச்சரிப்பது போலவே லத்தீன் எழுத்தில் எழுதிவைத்த நோட்டுகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. எனக்குத் தெரிந்த எந்த சபாவும் பட்டமும் அந்த வேஷக்காரர்களைத் தேடி வந்ததில்லை. தமிழிசையின் வரலாற்றில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோயிலில் வாசிப்பதை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. காவடிக்கும் தீமிதிக்கும் தப்பு அடிக்கும் பையன்கள் வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சுவார்கள், நானும் அவர்களோடு நிற்பேன். கோயில் தருவதை வாங்கிக்கொள்வேன், கேட்பதில்லை. அதையே தொழிலாகச் செய்யும் நாதஸ்வரக்காரர் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதில் ஒரு தவறும் இல்லை. எனக்கு வேறு வழிகள் இருப்பதால் இந்த ஒன்றைக் கணக்கில்லாமல் வைத்துக்கொள்ள முடிகிறது.

வாத்தியப் பராமரிப்பையும் யோசித்துவிடுங்கள். மிருதங்கத்தின் இரு பக்கமும் இருக்கும் தோல் மூடியை மூட்டு என்போம். இங்கே மூட்டு கட்டித் தர ஆள் இல்லை. கடற்கரை ஈரத்தில் சுருதி நிற்காது. வார் பிடிக்கவும் சின்னச் சின்னப் பழுது பார்க்கவும் நானே பழகிக்கொண்டேன், பெரிய வேலைக்குப் புதுச்சேரிதான். ஊருக்குப் போய்வரும் ஒவ்வொருவர் பெட்டியிலும் எனக்கு ஒரு வலந்தலை (வலப்பக்க) மூட்டு வரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வங்கி வேலையை இப்போதே விட வேண்டாம். கச்சேரிக்கு வெளியே இரண்டு வகை மேடை வேலையாவது, தெரிந்தவர் சிபாரிசு இல்லாமல் உங்களைத் தேடி வரும்வரை இருங்கள். நாட்டியப் பள்ளிகளிடமிருந்து தொடங்குவது நல்லது, அரங்கேற்றங்களுக்கு மிருதங்கக்காரர் எப்போதும் தேவை. நாடகக்காரர்களோடு ஒரு முறையாவது வேலை செய்து பாருங்கள். மௌனத்தை எங்கே விட வேண்டும் என்பதை எனக்கு அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவில் எந்தர்மித்தான் மாதிரி ஏற்பாடு கிடையாது, ஆனால் வாசித்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள்: தேதி, தொகை, ஒத்திகை எத்தனை, பதிவு செய்தால் அது யாருக்குச் சொந்தம். மின்னஞ்சல் போதும். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயமாக இருக்கும். சில வாய்ப்புகள் போகத்தான் செய்யும்.

ரீயூனியனுக்கே வந்து வாசிக்க நினைத்தால், இந்தத் தீவு ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதியில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஷெங்கன் விசா இங்கே தானாகச் செல்லுபடியாகாது. கூப்பிடும் சங்கத்திடம் பயணச்சீட்டுக்கு முன்னால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அது பிரெஞ்சில்தான் இருக்கும். படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மொழி வரவில்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.