கிளிக்கை நிறுத்திவிட்டுக் குரலை முதலில் எடுங்கள்

ஜெர்மன் கன்னியாஸ்திரி ஹில்டெகார்ட் இயற்றிய 'ஓ விர்துஸ் சாபியென்ட்சியே' பாட்டை சிந்தசைசரோடு கிளிக் ட்ராக் (ஹெட்போனில் சீராகத் தாளம் தட்டும் 'டிக் டிக்' சத்தம்) வைத்துப் பதிவு செய்தேன், பாடகியின் குரல் விறைப்பாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கிளிக்தான் காரணம். 12ஆம் நூற்றாண்டில் ஹில்டெகார்டின் பாடல்களை எழுதிவைத்த நியூம் குறிகள் சுரம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுமே தவிர, எது எவ்வளவு நேரம் நீளும் என்று சொல்லாது. அதை லத்தீன் சொல்லும் பாடுபவரின் மூச்சும்தான் முடிவு செய்யும்.

அதனால் ஹெட்போனில் பாட்டு முடிகிற சுரத்தை மட்டும் சுருதியாகக் கொடுத்து, குரலை ஒரே டேக்கில் முழுதாக எடுங்கள். அப்புறம் அதற்கு ஏற்றபடி டெம்போ மேப் (எங்கே வேகம் கூடுகிறது, குறைகிறது என்ற வரைவு) போட்டு மற்றதைச் சேர்க்கலாம். முதல் 'ஓ'வுக்கு முன்னால் பாடகி மூச்சு இழுக்கும் சத்தத்தைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், பாட்டு அங்கேயே தொடங்கிவிடுகிறது.