பெரியப்பா சொன்ன பல்கேரியாவும் மகள் கேட்ட வியாழக்கிழமையும்

அக்கா, உங்கட மெயில் வாசிச்சன். மகளுக்கு ஏ லெவலில எதிர்பார்த்த ரிசல்ட் வரேல்ல, மெடிசின் ஒஃபர் ஒண்டும் கிடைக்கேல்ல, பிள்ளையின்ர பெரியப்பா பல்கேரியாவுக்கு அனுப்பச் சொல்லுறார், அவள் என்னடாண்டா சென்ற் ஜோன் அம்புலன்ஸ் எண்ட முதலுதவிப் படையில வியாழக்கிழமையில யூத் லீடரா நிக்கப் போறன், வாற வருசம் பரமெடிக், அதுதான் அம்புலன்ஸில வந்து அவசர சிகிச்சை குடுக்கிற ஆள், அதுக்குப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள், உங்களுக்கு நித்திரை இல்ல. நித்திரை கொள்ளுங்கோ, ஒண்டும் கெட்டுப் போகேல்ல. ஆனா "அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கோ" எண்டு கேட்டியள், அதை நான் செய்ய மாட்டன்.

முதல் காசைக் கதைப்பம். பல்கேரியாவில மெடிசின் ஆறு வருசம். முழு டிகிரியையும் வெளிநாட்டில படிக்கிறதுக்கு இங்கிலாந்தில அரசாங்கம் படிப்புக்குக் கடன் குடுக்கிற ஸ்ரூடன்ற் ஃபினான்ஸ் ஒரு பென்ஸும் தராது, ஃபீஸ், வாடகை, பிளேன் டிக்கற் எல்லாம் உங்கட கைக்காசு. வீட்டை ரீமோர்ட்கேஜ் பண்ணி, அதுதான் வீட்டில இன்னும் கடன் ஏத்தி, அனுப்பலாம் எண்டு எழுதியிருக்கிறியள், பெரியப்பா அதில ஒரு தவணையாவது கட்டுவாரோ? அதுவும் பிள்ளை கேக்காத படிப்புக்கு! வேண்டாம். ரீடேக், பயோமெடிக்கல், பார்மசி பற்றியெல்லாம் கோயிலில சந்திக்கிற ஆக்களே உங்களுக்கு வகுப்பெடுத்திருப்பினம், நான் அதுக்குள்ள போகேல்ல.

நேரத்தை வீணாக்கிறாள் எண்டுறியளே, அந்த வேலை என்னெண்டு பாப்பம். ஊரில பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில ஸ்ட்ரெச்சரோட முதலுதவிப் படைப் பிள்ளையள் நிப்பினமே, அந்தப் பரியோவான் படைதான் இது. இங்க 1877 இல தொடங்கினது, அதின்ர இளம் பிள்ளையளின்ர பிரிவான கடெற்ஸ் 1922 இல இருந்து இருக்கு. கடெற் எண்டா 10 வயசில இருந்து 17 மட்டும்தான். 18 ஆனாப் பெரியாக்களோட சேந்துதான் திரும்பி வரலாம், உங்கட மகள் வாறன் எண்டுறாள்.

வந்த உடன பிள்ளையளைக் கையில குடுத்திட மாட்டினம். குற்றப் பதிவு இருக்கோ எண்டு பாக்கிற டிபிஎஸ் செக், பிள்ளையளின்ர பாதுகாப்புக்கான சேஃப்கார்டிங் ட்ரெய்னிங் எல்லாம் முடிக்கோணும். பிறகு கிழமையில ஒரு பின்னேரம் ஒரு ஹோலுக்குள்ள பிள்ளையளோட மல்லுக்கட்டு. ஒருத்தன் முக்கோண பண்டேஜைத் தலையில கட்டிக்கொண்டு கடற்கொள்ளைக்காரன் மாதிரி ஓடுவான், இன்னொருத்தி சிபிஆர் பழகிற பொம்மையைத் தொடவே பயப்பிடுவாள். இதயம் நிண்ட ஆளுக்கு நெஞ்சில 30 அமத்து, 2 மூச்சு, நிமிசத்துக்கு 100 இல இருந்து 120, பெரியாளுக்கு ஆழம் 5, 6 சென்ரிமீற்றர் எண்டு சொல்லிக் குடுக்கிறது லேசு. 11 வயசுப் பிள்ளைக்குக் கை சோரேக்க பக்கத்தில முழங்காலில இருந்து, முழங்கையை மடிக்காத, தோளை நேர மேல கொண்டு வா எண்டு காட்டுறதுதான் வேலை. ஒரு பிள்ளை எல்லாரும் போனாப் பிறகு வந்து வீட்டில பிரச்சினை எண்டு சொன்னா, "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" எண்டு வாக்குக் குடுக்கக் கூடாது, பிள்ளை சொன்ன சொல்லிலயே எழுதிப் பொறுப்பான ஆளிட்டக் குடுக்கோணும். 18 வயசில இதைப் பழகிறது சின்ன விசயமே?

இதுக்கு யூனிவர்சிற்றிக்கு விண்ணப்பிக்கிற யூகாஸில பொயின்ற் வராது, சம்பளமும் இல்ல, அதால ஒரு பார்ட் டைம் வேலையும் கட்டாயம் பாக்கோணும், இதில நான் அவளுக்கும் விட்டுக்குடுக்க மாட்டன். ஆனா 2026 என்ட்ரியில இருந்து அந்த விண்ணப்பத்தில தன்னைப் பற்றி எழுதிற பேர்சனல் ஸ்டேட்மென்றில மூண்டு கேள்வி, மூண்டாவது படிப்புக்கு வெளிய என்ன செய்தனீ, அது ஏன் பிரயோசனம் எண்டு கேக்கிறது. கனக்கப் பிள்ளையள் அதில முழிக்குங்கள், உங்கட மகளுக்கு எழுத இடம் காணாது.

பரமெடிக் எண்டா அம்புலன்ஸ் ஓடுற வேலை எண்டு சொல்லுற சொந்தக்காரருக்கு இதைச் சொல்லுங்கோ: 2021 செப்டம்பரில இருந்து புதுசாப் பதியிறதுக்கு டிகிரி லெவல் படிப்பு வேணும், மேற்படிப்பு முடிச்ச அட்வான்ஸ்ட் பரமெடிக் 2018 இல இருந்து மருந்தும் எழுதலாம், குடும்ப டொக்டர்மாரின்ர ஜிபி சேர்ஜரிகளிலயும் வேலை செய்யினம். இங்கிலாந்தில தகுதியான பிள்ளைக்கு அரச சுகாதார சேவையின்ர என்எச்எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்டில வருசம் 5,000 பவுண்ஸ், திருப்பிக் கட்டத் தேவையில்ல. சம்பளத்தோட படிக்கிற டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பும் இருக்கு, போட்டி கூட, எண்டாலும் போடச் சொல்லுங்கோ. வேற ஊர் யூனிவர்சிற்றி கிடைச்சா அங்க கிட்ட இருக்கிற சென்ற் ஜோன் யூனிட்டில கேட்டுச் சேரலாம்.

இப்ப செய்யிறதுக்கு ஒண்டு. கன யூனிவர்சிற்றியள், அம்புலன்ஸ் சேர்விஸ்கள் அம்புலன்ஸ் மாதிரிப் பெரிய வாகனம் ஓடுற சி1 லைசென்ஸ் கேக்கும். அதைப் பழகிறதுக்கு எடுக்கிற ப்ரொவிஷனலுக்கு டொக்டரிட்ட மெடிக்கல் ஃபோம் நிரப்போணும், காசு எடுப்பினம். ரீமோர்ட்கேஜ் பேப்பரை வைச்சிட்டு அந்தக் காசை மகளிட்டக் குடுங்கோ.