‘யூரின்ல உப்பு போகுது’ என்றார்கள், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: ஊர் தங்கச்சிமடம். வயது 29. எட்டு வருடமாகச் சர்க்கரை. யூரினில் உப்பு போகிறது என்கிறார்கள். கிரியாட்டினின் 1.2, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1. மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். கடல்பாசி எடுக்கப் போவேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதே என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: பெற்றுக்கொள்ளலாம், சகோதரி. ஆனால் இப்போதே வேண்டாம், சில மாதம் பொறுங்கள். மாமியாரிடமும் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. போவது உப்பு இல்லை, புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி சர்க்கரையால் பழுதாகத் தொடங்கியதன் அடையாளம் அது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுதலாக வேலை செய்யும். நல்ல சிறுநீரகம் தாங்கிவிடும், ரத்தத்தில் தங்கும் கழிவான கிரியாட்டினின்கூட அப்போது இறங்கும். பழுதானது திணறும். பிரஷர் எகிறும், குழந்தையின் எடை குறையும், குறைமாதப் பிரசவம் ஆகலாம். கிரியாட்டினின் 1.4-ஐத் தாண்டிய பிறகு கருத்தரித்தால், பிரசவத்துக்கு அப்புறமும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். நீங்கள் 1.2-இல் இருக்கும்போதே கேட்டது நல்லதாயிற்று.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்த 9.1. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் ஏழெட்டு வாரத்தில் உருவாகிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் கவனிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் 6.5-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் முயற்சி. இன்சுலின் போடச் சொன்னால் பயப்படாதீர்கள், குழந்தைக்கு அது பாதுகாப்பானது.

பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டன் இப்போது உங்கள் சிறுநீரகத்தைக் காக்கிறது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அதே மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். அதற்காக இன்றே நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எப்போது லேபெட்டலால் அல்லது நிஃபெடிபின் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றுவது என்று டாக்டர் முடிவு செய்வார். கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினையும் அவரே நிறுத்துவார். கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் தொடங்குவார். மூன்றாம் மாத முடிவில், பிரஷர் எகிறாமல் இருக்க, சிறிய அளவு ஆஸ்பிரின் தருவார். கண்ணின் விழித்திரையையும் இப்போதே பார்த்துவிடுங்கள், கர்ப்பத்தில் அதுவும் மோசமாகலாம்.

அதுவரை கருத்தடை அவசியம். உங்களுக்குக் காப்பர்-டி பொருத்தம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம்.

அப்புறம், பாசி எடுக்கும் வேலை. நாளெல்லாம் குனிந்து நின்று இடுப்பு பிடித்துக்கொள்ளும், கரையேறியதும் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவீர்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் உங்கள் சிறுநீரகத்துக்கு விஷம். வெந்நீர் ஒத்தடம் போதும், முடியாவிட்டால் பாராசிட்டமால். பாறையில் காலைக் கீறிக்கொண்டால் அன்றே கழுவி மருந்து போடுங்கள். கருவாட்டை வாரத்தில் ஒருநாளாவது குறைத்துப் பாருங்கள், அதன் உப்பு பிரஷரை ஏற்றும். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கருத்தரித்தது தெரிந்த முதல் வாரத்திலேயே பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். கடைசி மாதத்தில் உறவினர் யாராவது ராமநாதபுரத்தில் இருந்தால் அங்கேயே தங்குவது நல்லது. தலை விண்ணென்று வலித்தாலும், கண் மங்கினாலும், முகம் வீங்கினாலும், மேல்வயிறு வலித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.