சட்டம் படிக்காத ஒருவர் காப்பிரைட், அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்களின் அடிப்படைகளை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. நீங்கள் செய்த ஒன்றை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் ஒரு தாளை நீட்டி "சும்மா ஃபார்மாலிட்டிதான், கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும், வேறு யாராவது அழகாகப் பட்டியல் போட்டுத் தருவார்கள்.

நான் வக்கீல் இல்லை. தில்லியில் சி.ஏ. பிள்ளைகளுக்கு காஸ்டிங், அதாவது உற்பத்திச் செலவுக் கணக்கு, சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். ஆகவே "அந்த உட்பிரிவை விட்டுவிட்டீர்களே ஐயா" என்று வரப்போகும் சட்ட வல்லுநர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு. எனக்கு வேண்டிய அளவுக்குப் படித்தேன். அது எனக்குச் சோறு போட்டது.

என்னைக் கேட்டால், 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தை எடுத்து நேரே 17-வது பிரிவுக்குப் போங்கள். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. 13-ல் எதற்கெல்லாம் உரிமை உண்டு, 14-ல் உரிமை என்றால் என்னென்ன என்று வருகிறது. அவற்றை அப்புறம் படிக்கலாம். நடைமுறையில் சண்டை வருவதெல்லாம் "யாருடையது" என்பதில்தான். அதற்குப் பதில் 17-ல் இருக்கிறது. எழுதியவரே முதல் உரிமையாளர் என்று ஆரம்பிக்கும், உடனே விதிவிலக்குகள் வரும். கல்யாணத்துக்குக் காசு கொடுத்து போட்டோகிராஃபர் வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் படங்களின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியுடையது. இந்த இரண்டாவது விதிவிலக்கில்தான் என் கதை மாட்டியது.

லட்சுமி நகர் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வானமே தெரியாது, கோச்சிங் சென்டர் போர்டுகள்தான் தெரியும். அங்கே ஒரு சென்டரில் பல வருடம் விசிட்டிங் ஃபேகல்டியாகப் பாடம் எடுத்தேன். பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்புக்கு என்று நானே நோட்ஸ் எழுதினேன். காஸ்டிங் புத்தகங்களில் எப்போதும் ஏ.பி.சி. லிமிடெட், எக்ஸ்.ஒய்.இஸட். லிமிடெட்தான் வரும், பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். என் கணக்குகளில் மணப்பாறை முறுக்கு ஆலை வரும். ஒரு பேட்ச் மாவில் உடைந்து போகிற முறுக்கு எவ்வளவு, அது நார்மல் லாஸா அப்நார்மல் லாஸா, எண்ணெய் விலை ஏறினால் வேரியன்ஸ் எப்படி மாறும், இப்படி. உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் வாயில் நுழையாத அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள்.

நான் அங்கிருந்து விலகிய பிறகு, மயூர் விஹாரில் எங்கள் மாடியில் இருக்கும் பையன் ஒரு தடிப் புத்தகத்தோடு சந்தேகம் கேட்க வந்தான். பழைய தில்லியின் புத்தகச் சந்தையான நயி சடக்கில் வாங்கினானாம். அட்டையில் சென்டர் ஓனர் கோட் போட்டுச் சிரிக்கிறார், ஆசிரியர் என்று அவர் பெயர்தான். உள்ளே புரட்டினால் என் வரிசை, என் விளக்கம், என் கணக்கு. முறுக்கு ஆலையை ராஜஸ்தானின் பிகானேரில் புஜியா என்ற நொறுக்குத்தீனி செய்யும் ஆலையாக மாற்றியிருந்தார்கள். ஆனால் தொழிலாளர் செலவுக் கணக்கில், ஐடில் டைமுக்கு (வேலை நடக்காத நேரத்துக்கு) காரணமாக ஜனவரி நடுவில் மூன்று நாள் பொங்கல் விடுமுறை அப்படியே இருந்தது. பிகானேரில்! பையனுக்கு எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் வயிறு எரிந்தது.

சென்டர் ஓனருக்குப் போன் செய்தேன். "சர்ஜி, ஆப் தோ கர் கே ஆத்மி ஹைன்" என்றார். வீட்டு மனிதர் என்றால் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்புறம் இரண்டு வாதம் வைத்தார். காஸ்டிங் ஃபார்முலா யார் வீட்டுச் சொத்து என்பது ஒன்று. வகுப்புக்குக் காசு கொடுத்தோம், அதனால் நோட்ஸும் எங்களுடையது என்பது இன்னொன்று.

முதல் வாதத்தில் பாதி சரி. அதைத் தெரிந்துகொள்ள நான் 1879-ஆம் வருடத்து அமெரிக்க வழக்கு வரைக்கும் போனேன், ஏனென்றால் அது கணக்கு எழுதுவது பற்றிய வழக்கு! செல்டன் என்பவர் கணக்கு எழுத ஒரு புது முறை கண்டுபிடித்து, படிவங்களோடு புத்தகம் போட்டார். பேக்கர் என்பவர் கிட்டத்தட்ட அதே முறையில் படிவங்கள் தயாரித்து விற்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்ன சொன்னதென்றால், புத்தகத்துக்குத்தான் காப்பிரைட், அது விளக்கும் முறைக்கு இல்லை, முறைக்குத் தனி உரிமை வேண்டுமானால் பேட்டன்ட் வழியில்தான் தேட வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், ஒரு நாடகத்தையும் ஒரு சினிமாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கருவுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது. ஆக மார்ஜினல் காஸ்டிங் என்னுடையது இல்லை, என் அப்பன் சொத்தும் இல்லை. முறுக்கு வழியாக அதைச் சொல்லிக்கொடுத்த வரிகளும் கணக்குகளும் என்னுடையவை. பிகானேரில் பொங்கல் கொண்டாடியவர்கள் எதை எடுத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லையே.

இரண்டாவது வாதம்தான் ஆபத்து. அங்கேதான் 17-வது பிரிவின் (சி) உட்பிரிவு வருகிறது. நான் அவர்களுடைய ஊழியன் என்றால் நோட்ஸ் அவர்களுடையது என்று சொல்ல இடம் இருக்கிறது. ஊழியன் இல்லை, வெளியிலிருந்து வந்து சேவை செய்தவன் என்றால் என்னுடையது. சட்டத்தில் 'கான்ட்ராக்ட் ஆஃப் சர்வீஸ்', அதாவது ஊழியனாக வேலை பார்க்கும் ஒப்பந்தம், என்றிருக்கிறது. 'கான்ட்ராக்ட் ஃபார் சர்வீஸ்', அதாவது வெளியாளாகச் சேவை செய்யும் ஒப்பந்தம், என்றால் கதையே வேறு. 1916-லேயே லண்டனில் பல்கலைக்கழகக் கேள்வித்தாள் எழுதிய ஆசிரியர்கள் விஷயத்தில், அவர்கள் ஊழியர்கள் இல்லை, கேள்வித்தாளின் முதல் உரிமை அவர்களுக்கே என்று தீர்ப்பாகியிருக்கிறது. 1952-ல் வந்த இன்னொரு ஆங்கிலேயத் தீர்ப்பு எனக்காகவே எழுதியது போல் இருந்தது. ஒரு அக்கவுன்டன்ட், நிர்வாக ஆலோசனைக் கம்பெனியில் வேலை பார்த்தபோது பொது இடங்களில் சொற்பொழிவு செய்கிறார், வேலையை விட்ட பிறகு அதை எல்லாம் சேர்த்துப் புத்தகமாக்குகிறார். கம்பெனி வழக்குப் போடுகிறது. சொற்பொழிவுப் பகுதி அவருடையது, ஒரு வாடிக்கையாளருக்காக வேலையாக எழுதிய பகுதி மட்டும் கம்பெனியுடையது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. அவர் மாதச் சம்பளக்காரர், அப்போதும்!

சரி, நான் ஊழியன் இல்லை என்பதற்கு என்ன சாட்சி? எங்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. வாட்ஸ்அப்பில் நேர அட்டவணைதான் இருந்தது. தில்லி முருகன் கோயிலான மலை மந்திரில் பழக்கமான வக்கீல் ஒருவர், கர்கர்டூமா கோர்ட்டில் பிராக்டிஸ், அவரிடம் போனேன். போகும்போதே என் பழைய டி.டி.எஸ். சான்றிதழ்களை, அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரி பிடித்ததற்கான தாள்களை, எல்லாம் ஃபைல் போட்டு எடுத்துப் போனேன். வருடா வருடம் அந்த சென்டர் எனக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில், தொழில்முறைக் கட்டணம் என்று, பத்து சதவீதம் பிடித்து, ஃபார்ம் 16ஏ கொடுத்திருந்தது. சம்பளக்காரனுக்கு அப்போது 192-ல் பிடித்து ஃபார்ம் 16 கொடுத்தார்கள். பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது, அதே சமயத்தில் இன்னொரு சென்டரிலும் எடுத்துக்கொண்டிருந்தேன். பி.எஃப். கட்டாமல் மிச்சம் பிடிக்க என்னை 'ப்ரொஃபஷனல்' என்று எழுதியவர்கள், புத்தகம் என்று வந்ததும் 'எங்க ஸ்டாஃப்' என்றால் எப்படி? இரண்டு கன்னத்திலும் சோறு அடக்கினால் மெல்ல முடியாது. வக்கீல் ஃபைலைப் பார்த்துவிட்டு, "இதை நான் யோசிக்கவே இல்லை சார்" என்றார். சொல்லிக்கொள்கிறேனே, என் வாழ்க்கையில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட தருணங்களில் அது ஒன்று.

(16ஏ ஒன்று மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நேரத்தை யார் தீர்மானித்தது, வேறு இடத்தில் வேலை பார்க்க முடிந்ததா, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கோர்ட் பார்க்கும்.)

டி.டி.எஸ். என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. தமிழர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம், கோயிலோ, கச்சேரியோ, ஜூலை மாதம் என்னைக் கண்டால் போதும், "சார், நம்ம ரிட்டர்னையும் அப்படியே போட்டுடுங்களேன், அஞ்சு நிமிஷ வேலைதானே" என்பார்கள். பத்துக் கம்பெனி ஷேர் வாங்கி விற்றிருப்பார்கள், சென்னையில் வாடகை வரும் வீடு இருக்கும், மாமனார் பெயரில் எஃப்.டி. இருக்கும், ஆனால் வேலை மட்டும் ஐந்து நிமிஷம். மின்சாரக்காரரைக் கூப்பிட்டால் வந்து எட்டிப் பார்ப்பதற்கே காசு கேட்கிறார், கொடுக்கிறார்கள். வாத்தியார் மட்டும் இனாம். சரி, இது வேறு கேள்விக்கான பதில். விடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போனது. நாங்கள் எதிர்பார்த்தது போலவே 17(சி)-யைக் காட்டிப் பதில் வந்தது. 16ஏ நகல்களையும் பொங்கல் பக்கத்தையும் சேர்த்து மறுபதில் போட்டோம். பிறகு அவர்களே பேச வந்தார்கள். கோர்ட் ஏறவில்லை. மறுபதிப்பில் ஆசிரியர் என்று என் பெயர், அந்தப் பதிப்புக்கு மட்டும் அனுமதி, ஒரு தொகை. தொகை பெரிதில்லை, மகளின் காலேஜ் ஃபீஸில் ஒரு பங்குக்கு வந்தது. 'உனக்குக் காசுதான் முக்கியம், வித்தையை விற்கலாமா' என்று கேட்க வருபவர்கள், அந்தப் புத்தகத்தை அவர் இலவசமாகக் கொடுத்தாரா என்று முதலில் விசாரித்துவிட்டு வரவும்.

அந்த உடன்பாட்டை எழுதும்போதுதான் 19-வது பிரிவின் அருமை தெரிந்தது. உரிமையை எழுதிக்கொடுப்பது என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே யாராவது ஒரு தாளை நீட்டினால் இந்த இரண்டு இடத்தையும் பாருங்கள். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருந்தால் பேனாவை மூடிவிட்டு டீ குடியுங்கள். 57-ஐயும் பாருங்கள். எழுதியவர் தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும், காப்பிரைட்டை விற்ற பிறகும் எழுதியவரிடமே இருக்கும். தில்லிக்காரர்களுக்கு இதற்கு உள்ளூர் உதாரணமே உண்டு. விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். பல வருடம் போராடி, 2005-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக ஜெயித்தார்.

பதிவு செய்தால்தான் காப்பிரைட் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிய உடனே உரிமை வந்துவிடுகிறது. பதிவு என்பது கோர்ட்டில் காட்ட ஒரு சாட்சி, அவ்வளவுதான். தில்லி துவாரகாவில் இருக்கிறது காப்பிரைட் அலுவலகம், விண்ணப்பம் ஆன்லைனில் போடலாம், எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். நான் இப்போது புது நோட்ஸ் எல்லாவற்றுக்கும் செய்துவிடுகிறேன்.

"நீங்க மட்டும் கிளாஸ்ல மத்த புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலையா" என்று என் பழைய மாணவன் ஒருவன் நிச்சயம் கமென்ட் போடுவான். போடு தம்பி. 52-வது பிரிவில், பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகல் எடுப்பதற்கு விலக்கு இருக்கிறது. தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்து ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இன்னொரு பதிப்பகமும் 2012-ல் வழக்குப் போட்டு, 2016-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் சில விஷயங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள், அதற்குள் பதிப்பகங்களே 2017-ல் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டன. அது பல்கலைக்கழகம். எங்களைப் போன்ற தனியார் சென்டருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாடலாம், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் நாலு பக்கம் நகல் கொடுப்பதும், அடுத்தவன் எழுதியதைத் தன் பெயர் போட்டு நயி சடக்கில் விற்பதும் ஒன்றில்லை.

காலவரம்பைப் பற்றி ஒரு வரி: எழுதியவர் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும். முன்பு 50 ஆக இருந்தது, தாகூர் எழுத்துகளின் காலம் முடியப்போன நேரத்தில் பத்து வருடம் கூட்டினார்கள். நம் பக்கம் பாரதிக்கு நேர்மாறாக, உரிமையை அரசே வாங்கிப் பொதுவில் வைத்தது.

டிரேட்மார்க், பேட்டன்ட் எல்லாம் தனித்தனிச் சட்டம், உங்களுக்கு இப்போது அவசரமில்லை. முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டுமென்றால் உலக அறிவுசார் சொத்து அமைப்பு, அதாவது வைப்போ, நடத்தும் டி.எல்.-101 என்ற ஆன்லைன் வகுப்பு இருக்கிறது, இலவசம். ஆனால் சட்டத்தின் 17, 19, 52, 57 நான்கையும் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கொட்டாவிதான் வரும்.

கடைசியாக ஒன்று. "என் அக்ரிமென்டை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம். வக்கீலிடம் போங்கள், ஃபீஸ் கொடுங்கள். ரிட்டர்னும் போட்டுத் தரமாட்டேன்.