மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு ஏஐ எழுதும் ஸ்கிரிப்டை நம்பலாமா?

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்துகிறேன், 140 மாணவர்கள். சேர்க்கைப் படிவத்துக்கு ஒரு சேவை, அதில் வருவதை ஷீட்டுக்கும் மெயிலுக்கும் கடத்த இன்னொன்று, பெற்றோருக்கு ஃபீஸ் நினைவூட்டல் அனுப்ப ஒன்று, வகுப்புப் பதிவுகளை எழுத்தாக்க ஒன்று, பில் போட ஒன்று என்று மாதாமாதம் ஐந்து சந்தா போகிறது. ஏஐயே புரோகிராம் எழுதித் தருகிறது என்கிறார்களே, எல்லாவற்றையும் நானே செய்துகொள்ள முடியுமா? எனக்குக் கோடிங் தெரியாது. (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: முதல் மூன்றையும் தாராளமாக நிறுத்தலாம். நான்காவது உங்கள் கணினியைப் பொறுத்தது. பில் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

படிவத்துக்கு கூகுள் ஃபார்ம்ஸ் போதும். பதில்கள் நேராக ஷீட்டில் வந்து விழும் என்பதால் நடுவில் கடத்திவிடும் சேவைக்கும் வேலை இல்லை. புதிய சேர்க்கை வந்ததும் மெயில் வேண்டுமென்றால், ஷீட்டின் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ மெனுவில் இருக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (சின்னச் சின்ன புரோகிராம்களை, அதாவது ஸ்கிரிப்டுகளை, எழுதி ஓட்டும் இடம்) அதை எழுதிவிடலாம். அது கூகுளின் சர்வரில் ஓடுவது; உங்கள் கணினி அணைந்திருந்தாலும் நடக்கும். இந்த அளவு ஸ்கிரிப்டை எந்த ஏஐயும் ஒரே கேள்வியில் எழுதிக் கொடுத்துவிடும்.

ஃபீஸ் நினைவூட்டலுக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் அனுப்பும். 140 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பச் சொன்னால் நூறோடு நின்றுவிடும். பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும், வகுப்புவாரியாக இரண்டு நாட்களில் அனுப்பும்படி கேளுங்கள். ‘அனுப்பிய தேதி’ என்று ஒரு காலம் (நெடுவரிசை) வைத்து, அனுப்பியதும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரே பெற்றோருக்கு மூன்று முறை போகும், கட்டியவருக்கும் போகும். அப்புறம் போன் அடிப்பதை நிறுத்த மாட்டார்கள். ஷீட்டின் செட்டிங்ஸில் ‘லொகேல்’ (எந்த நாட்டு முறை) இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிவிடும். கெடு தேதிக் கணக்கு மொத்தமும் கோணலாகும்.

அது சரி, நம் ஊரில் எந்தப் பெற்றோர் மெயில் பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப்தான். அங்கே ஆள் தொடாமல் தானாக அனுப்ப முறையான வழி, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவின் கட்டண ஏபிஐ (புரோகிராம் வழியே செய்தி அனுப்பும் இணைப்பு) மட்டும். ஏஐயிடம் கேட்டால் இலவசமாகச் செய்யும் அதிகாரபூர்வமற்ற நூலகம் (வேறு யாரோ எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு) ஒன்றைத் தயங்காமல் காட்டும். தொடாதீர்கள். அது வாட்ஸ்அப்பின் விதிகளுக்கு விரோதம், எண் முடக்கப்படலாம். முடங்கப்போவது உங்கள் போர்டிலும் நோட்டீஸிலும் அச்சான எண்.

இதற்கு நான் சொல்வது அரை ஆட்டோமேஷன். ‘டபிள்யூஏ டாட் மீ’ (wa.me) என்ற வாட்ஸ்அப் முகவரியோடு 91 சேர்த்த பெற்றோர் எண்ணையும் செய்தியையும் இணைத்தால் ஒரு லிங்க் கிடைக்கும். ஷீட்டில் ஒரு ஃபார்முலா போட்டால் ஒவ்வொரு மாணவர் வரிசையிலும் அது தானாக உருவாகும், ஸ்கிரிப்டே தேவையில்லை. லிங்க்கைத் தொட்டால் பெயர், தொகை, கெடு தேதியோடு செய்தி தயாராகத் திறக்கும், நீங்கள் அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். பாக்கிக்காரர்கள் முப்பது நாற்பது பேர் என்றால் ஒரு டீ நேரத்தில் முடிந்துவிடும். அனுப்புமுன் ஒரு முறை பார்த்துவிடுவதால், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும் வீட்டுக்கு அன்று அனுப்பாமலும் விடலாம்.

ஏஐயிடம் கேட்கும்போது ஷீட்டின் காலம் தலைப்புகளை அப்படியே கொடுங்கள். உண்மையான மாணவர் பெயர், எண் வேண்டாம். பொய்ப் பெயரில் ஐந்து வரிசை போதும். முதலில் எல்லா மெயிலும் உங்களுக்கே வரும்படி எழுதச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். அனுமதி கேட்கும் திரையில் ‘கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை’ என்று பயமுறுத்தும். நீங்களே உருவாக்கிய ஸ்கிரிப்ட் என்றால் அது வழக்கம்தான். ஆனால் என்ன அனுமதி கேட்கிறது என்று படியுங்கள். உங்கள் மெயில்கள் அனைத்தையும் படிக்க, அழிக்க என்று கேட்டால், ஏஐ ‘ஜிமெயில்ஆப்’ என்ற கட்டளைத் தொகுப்பைப் பயன்படுத்தியிருக்கிறது. ‘மெயில்ஆப்’ கொண்டு எழுது என்று சொன்னால் மெயில் விஷயத்தில் அனுப்பும் அனுமதியோடு நின்றுகொள்ளும். எல்லாவற்றையும் சென்டரின் கணக்கில் செய்யுங்கள். உதவியாளர் தன் கணக்கில் செய்து வைத்தால் அவர் போகும் நாளில் ஸ்கிரிப்டும் போய்விடும்.

சந்தா கட்டும்போது உண்மையில் எதற்குக் கட்டுகிறோம்? புரோகிராமுக்கு இல்லை, அது நின்றால் கவனிக்க அங்கே ஓர் ஆள் இருப்பதற்கு. அந்த ஆள் இனி நீங்கள். ஸ்கிரிப்ட் பிழையில் நின்றால் கூகுள் மெயில் அனுப்பும். ட்ரிக்கர் (ஸ்கிரிப்ட் எப்போது ஓட வேண்டும் என்ற ஏற்பாடு) அமைப்பில் அந்த மெயிலை ‘உடனடியாக’ என்று மாற்றி வையுங்கள். ஆனால் யாரோ காலம் தலைப்பை மாற்றிவிட்டார்கள் என்றால், பிழையே காட்டாமல் ஒருவருக்கும் அனுப்பாமல் ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். அதனால் தினமும் காலையில் ‘இன்று இத்தனை பேருக்குப் போனது, இத்தனை பேருக்கு முகவரி இல்லை’ என்று உங்களுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அந்த வரி வராத நாளிலும், எண்ணிக்கை இடிக்கும் நாளிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

வகுப்புப் பதிவுகளுக்கு ஓபன்ஏஐ 2022இல் இலவசமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் இருக்கிறது. தமிழும் தெரியும், உங்கள் கணினியிலேயே ஓடும். அதன் சின்ன மாடல்கள் தமிழில் தடுமாறும். பெரிய மாடலுக்குச் சுமார் 10 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். தமிழும் இங்கிலீஷும் கலந்த வகுப்பில் கலைச்சொற்களைக் கையால் திருத்தவும் வேண்டியிருக்கும். சாதா லேப்டாப் என்றால் இந்தச் சந்தாவை வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லுக்கு வருவோம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சென்டர் என்றால் கூகுள் டாக்ஸ் டெம்ப்ளேட்டிலிருந்து பிடிஎஃப் ரசீது போதும், ஸ்கிரிப்டே செய்துவிடும். பதிவு இருந்தால் மென்பொருளை விடாதீர்கள். இன்வாய்ஸ் எண் நிதியாண்டு முழுக்க வரிசையாக, திரும்ப வராமல் இருக்க வேண்டும். ஷீட்டில் எத்தனை வரிகள் என்று எண்ணி பில் எண் போடும் வீட்டு ஸ்கிரிப்டில் நீங்கள் ஒரு வரியை அழித்தால் அடுத்த பில்லுக்குப் பழைய எண்ணே வரும்.

நிறுத்தும்போது, ஒரு ஃபீஸ் மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். பழைய சேவையிலிருந்து எல்லாத் தரவையும் சிஎஸ்வியாக (ஷீட்டில் திறக்கும் கோப்பு வகை) இறக்கி, ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் கட்டுவதாக இருந்தால் சேவையின் தளத்தில் ரத்து செய்ததோடு விடாமல், உங்கள் யுபிஐ செயலியிலும் அந்த மேண்டேட்டை (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) நீக்கிவிடுங்கள்.