ஸ்கார்ன் கேள்வி-பதில்: துத்தநாகம் கிரானைட்டை ஒட்டிக் கிடக்காது

கே: கிரானைட்டை உடைத்துப் பார்த்தேன், துத்தநாகமே தெரியவில்லை. பிறகு ஸ்கார்னில் தாது எங்கிருந்து வந்தது?

ப: கண்ணுக்குத் தெரியாது. டன்னுக்குச் சுமார் 50 கிராம்தான் இருக்கும். பாறைக்குழம்பு இறுகும்போது பிரிகிற உப்புச் செறிவான வெந்நீர், துத்தநாகத்தையும் ஈயத்தையும் குளோரைடாகச் சுமந்து வெளியேறுகிறது. சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரிந்து அமிலம் முறிந்து, சூடும் தணிந்ததும் சல்ஃபைடாக, அதாவது கந்தகச் சேர்மமாகப் படிகிறது. இப்படி மாறிய சுண்ணாம்புக்கல்தான் ஸ்கார்ன்.

கே: ஹார்ன்ஃபெல்ஸும் ஸ்கார்னும் ஒன்றா?

ப: இல்லை. முதலாவது பெரும்பாலும் சூட்டால் மட்டுமே மாறியது. இரண்டாவதில் வெளியிலிருந்து இரும்பு, சிலிக்கா, மாங்கனீஸ் வந்து சேர்ந்திருக்கும்.

கே: பச்சைக் கல்லின் படம் அனுப்பியுள்ளேன். ஸ்கார்ன்தானே?

ப: படத்தில் அளவுகோல் இல்லை, எடுத்த இடம் இல்லை, உடைத்த முகமும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? எபிடோட், குளோரைட், ஹெடன்பெர்கைட் (இரும்பு மிகுந்த பைராக்சீன்) ஆகிய கனிமங்கள் எல்லாமே பச்சைதான். புது முகம் உடையுங்கள். நகத்தால் கீறினால் ஏறக்குறையக் கீறல் விழுகிறதென்றால் குளோரைட். பிஸ்தா நிறம் என்றால் எபிடோட். கரும்பச்சைக் குச்சிகள் விசிறிபோல் விரிந்து, பிளவுகள் கிட்டத்தட்ட செங்கோணத்தில் வெட்டினால் பைராக்சீன்.

கே: கிரானைட் கான்டாக்டில், அதாவது கிரானைட்டும் சுண்ணாம்புக்கல்லும் தொடும் இடத்தில், மூன்று துளை போட்டோம். கார்னெட் கனிமம் மட்டுமே வந்தது. இடத்தைக் கைவிடலாமா?

ப: துளை போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரும்பையும் செம்பையும் தேடுகிற பழக்கத்தில் எல்லோரும் கான்டாக்டிலேயே நிற்கிறார்கள். துத்தநாகம் அங்கே நிற்பதில்லை. சூடு இருக்கும்வரை கரைசலிலேயே இருந்து படுகை, பிளவு, டைக் (பிளவில் ஏறி இறுகிய பாறைக்குழம்பு) ஓரங்கள் வழியே நூற்றுக்கணக்கான மீட்டர் போய்விடும். பல துத்தநாக ஸ்கார்ன்களில் மூலப் பாறை மேற்பரப்பில் தெரிவதே இல்லை.

கைவிட வேண்டாம், துளையிலிருந்து எடுத்த கல் உருளையை (கோர்) மறுபடி பாருங்கள். மூலத்தருகே செம்பழுப்புக் கார்னெட் மிகுந்திருக்கும், பைராக்சீன் வெளிறியிருக்கும். விலக விலகக் கார்னெட் குறைந்து நிறம் மங்கும்; பைராக்சீன் கூடிக் கருக்கும், அதில் மாங்கனீஸும் ஏறும். நியூ மெக்சிகோவின் கிரவுண்ட்ஹாக் சுரங்கத்தில் இந்த வரிசை தெளிவாகப் பதிவாகியுள்ளது. மீட்டருக்கு மீட்டர் கார்னெட்–பைராக்சீன் விகிதத்தைக் குறியுங்கள். கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் (எக்ஸ் கதிரால் தனிமங்களை அளப்பது) மாங்கனீஸ் அளந்து வெட்டுப்படத்தில் போடுங்கள்; எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் திரவம் போயிருக்கிறது. அளப்பது புது முகத்தில்தான். கறுப்பு மாங்கனீஸ் படலம் அளவீட்டை வீங்கவைத்துவிடும்.

அடுத்த துளை ஸ்கார்ன் முடிந்து பளிங்கு (சூட்டால் மாறிய சுண்ணாம்புக்கல்) தொடங்கும் விளிம்பைக் குறுக்கே வெட்ட வேண்டும். தாது அந்த விளிம்பில்தான் திரளும். வெள்ளைப் பளிங்கு வந்ததும் துளையை நிறுத்துவது பெரிய தவறு. பளிங்குக்குள்ளும் சல்ஃபைட் படுகைகளும் குழாய்களும் இருக்கலாம். இன்னும் 30–50 மீட்டர் போங்கள். குளோரைட், கால்சைட், இல்வைட் கனிமங்கள் கலந்த சிதைந்த பகுதியை ‘மாறிய பாறை’ என்று ஒரே வரியில் எழுதி ஒதுக்காதீர்கள். பைராக்சீன் பின்னால் நீரேறிச் சிதைந்த இடம் அது. சல்ஃபைட் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் படிகிறது.

கே: கறுப்புக் கனிமம், உலோகப் பளபளப்பு இல்லை. ஸ்பாலரைட்டா (துத்தநாக சல்ஃபைடா)?

ப: பீங்கான் தட்டில் உரசுங்கள். கோடு வெளிர்மஞ்சள் முதல் பழுப்பு வரை இருந்து, பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஸ்பாலரைட். திறந்த வெளியில் செய்யுங்கள், மூக்கை அருகே கொண்டுபோகாதீர்கள். கலீனா (ஈய சல்ஃபைட்) கனசதுரமாகப் பிளக்கும், கோடு ஈயச் சாம்பல், கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

கறுப்பு என்றால் இரும்பு மிகுதி. தூய ஸ்பாலரைட்டில் துத்தநாகம் 67 சதவீதம். 10 சதவீத இரும்பு ஏறினால் அது 57 அளவுக்கு இறங்கும். செறிவூட்டிய தாதுவின் தரத்துக்கும் அதுவே உச்சவரம்பு. எத்தனை முறை நுரையில் மிதத்திப் பிரித்தாலும் அதைத் தாண்டாது.

கே: ஒரு துண்டில் 22 சதவீதம் துத்தநாகம் வந்தது. மொத்த இருப்பு எவ்வளவு?

ப: பொறுக்கியெடுத்த ஒரு துண்டை வைத்து இருப்புக் கணக்கு போட முடியாது. குறுக்கே அகழி வெட்டி, அகலம் முழுக்கத் தொடர்ச்சியாக, மீட்டருக்கு ஒரு மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றும் உடைத்த புது முகத்திலிருந்து.